வயிற்றுக் கிருமிக்கு மூலிகை கேப்சூல்: கையில் தரும் ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டை நம்பிவிடாதீர்கள்

புதுச்சேரியில் ஒரு கடை இருக்கிறது. பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் புகார் நிலுவையில் இருப்பதால் எழுத வேண்டாம் என்கிறார் வக்கீல். அங்கே வாங்கியவர்களுக்கு நான் சொல்லாமலே தெரிந்துவிடும். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் முழுக்க மஞ்சள், பூண்டு, அதிமதுரப் படங்கள், வெள்ளை அங்கி போட்ட ஓர் ஆலோசகர். “ஆன்டிபயாடிக் இல்லாமல் எச். பைலோரி கிருமியை வேரோடு அழிக்கும் தாவரச் சத்துகள்” என்று பலகை. எச். பைலோரி என்பது இரைப்பையில் வாழ்ந்து புண்ணை உண்டாக்கும் பாக்டீரியா. மூன்று மாதத்துக்கான கேப்சூல் 13,500 ரூபாய். கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை இலவசம். அந்த இலவசம்தான் கண்ணி. கேப்சூலைவிட அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

ஏமாந்தது என் அம்மா. கடலூர் முதுநகரில் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பல மாதங்களாக மேல்வயிற்றில் எரிச்சல், பசி நேரத்தில் பிடுங்கும் வலி. எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் புண் இருப்பது தெரிந்தது. அங்கேயே சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்ததில் எச். பைலோரியும் உறுதியானது.

இந்தக் கிருமியின் கதையைக் கடைக்காரர்கள் நன்றாகவே படித்து வைத்திருக்கிறார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்த்துக் காட்டினார்கள். வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்ததால், 1984-ல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் இந்தக் கிருமியைச் சேர்த்தது. இவ்வளவும் உண்மை. கடையில் அம்மாவிடம் முதலில் சொன்னது அந்தக் கடைசிச் செய்தியைத்தான். பயந்து வந்தவரை இன்னும் பயமுறுத்துவதற்கு அதுவே போதும். கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது என்ற மறுபாதியைச் சொல்லவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்தது 14 நாள் மருந்து: அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஆன்டிபயாடிக்குகளான அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், கூடவே பிஸ்மத். தொடங்கிய சில நாட்களிலேயே வாயில் இரும்புச் சுவை, குமட்டல், கறுப்பாக மலம். பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், அதனால் கெடுதல் இல்லை என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை, மருந்துக் கடைக்காரரும் சொல்லவில்லை. நோயாளிக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறவர்களால்தான் இப்படிப்பட்ட கடைகள் பிழைக்கின்றன. (பிஸ்மத் சாப்பிடாதவருக்குக் கறுப்பாகப் போனாலோ, யாருக்காக இருந்தாலும் தார் போலப் பிசுபிசுப்பாகக் கடும் நாற்றத்துடன் போனாலோ, அது ரத்தக் கசிவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.)

எதிர்வீட்டு அக்கா அந்தக் கடையின் நோட்டீஸைக் கொடுத்திருக்கிறார். நான் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அன்று எனக்குப் பகல் ஷிப்டு. அம்மாவும் சித்தியும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்விட்டார்கள். அங்கே நடந்ததைச் சித்தி வரி பிசகாமல் சொன்னார்.

“கறுப்பாகப் போகிறதென்றால் குடல் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம் அம்மா. இந்த மாத்திரை நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்றுவிடும். எங்களுடையது செடி. கெட்டதை மட்டும்தான் தொடும்.”

“டாக்டர் நடுவில் நிறுத்தக் கூடாது என்றாரே?” என்று சித்தி கேட்டிருக்கிறார்.

“அவர் அப்படித்தான் சொல்வார். ஒன்று செய்யுங்கள். காலையில் வெறும் வயிற்றில் போடுகிறீர்களே, அந்த ஒரு மாத்திரையை மட்டும் விடாதீர்கள். மற்ற மூன்றையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.”

அந்தக் காலை மாத்திரை பான்டோபிரசோல். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது.

ஒரு மாதம் போனது. வலி இல்லை. எப்படி இருக்கும்? அமிலத்தைக் குறைத்தால் எந்தப் புண்ணும் அடங்கும். கேப்சூல் கேட்டது என்று அம்மா நம்பினார். மாதக் கடைசியில் கடைக்காரர்களே ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினார்கள். மூச்சுப் பரிசோதனை நெகட்டிவ். முத்திரை குத்திய தாள், வண்ணத்தில் அச்சு. அம்மா அதைச் சாமி படத்தடியில் வைத்தார்.

மூச்சுப் பரிசோதனை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மோசடி தானே விளங்கிவிடும். எச். பைலோரியிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளமாக உண்டு. அது யூரியாவை அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கும். அந்த அமோனியாவால் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டுதான் கிருமி இரைப்பையில் வாழ்கிறது. பரிசோதனையில் அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவை விழுங்கச் செய்வார்கள். கிருமி இருந்தால் அந்தக் கார்பன் கொஞ்ச நேரத்தில் மூச்சில் வெளியே வரும். நல்ல பரிசோதனை, துல்லியமானது. ஆனால் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் உள்ளே இருக்கும்போது கிருமியின் எண்ணிக்கையும் யூரியேஸின் வேகமும் தற்காலிகமாகக் குறைந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்து, வீட்டில் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம் அது. அதனால்தான் அந்த மாத்திரையைக் குறைந்தது இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கையும் பிஸ்மத்தையும் குறைந்தது நான்கு வாரமும் நிறுத்திய பிறகே சோதிக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடும் பரிசோதனைக்கும் இதே விதிதான். எங்கள் ஆய்வகத்தில் மாதிரியை முறை தவறி எடுத்துவந்தால், எண் எவ்வளவு அழகாக வந்தாலும் அந்த முடிவைக் குப்பையில்தான் போடுவோம்.

பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்து, எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று நோயாளியிடம் கேட்பீர்களா என்றேன். “அதை அனுப்புகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் சார்” என்றார் அங்கே இருந்த பெண். அனுப்புகிறவர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

இனி கேப்சூல். மஞ்சளின் குர்குமின், பூண்டுச் சாறு, அதிமதுரம், மரமஞ்சளின் பெர்பரின், மிளகுச் சாறு என்று டப்பாவில் இருந்தது. செடியில் மருந்தே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. கடைக்காரர் அம்மாவிடம் காட்டிய படமும் பொய்யில்லை: கண்ணாடிக் கிண்ணத்தில் கிருமியை வளர்த்து, நடுவில் தாவரச் சாற்றை வைத்தால் சுற்றிலும் கிருமி இல்லாத வட்டம் தெரியும். இந்தத் தாவரப் பொருட்களில் பலவற்றுக்கு அப்படி வட்டம் விழுவது உண்மை. ஆனால் வயிறு கிண்ணமில்லை. கிருமி இரைப்பைச் சுவரை ஒட்டிய சளிப் படலத்துக்கு அடியில் பதுங்கியிருக்கிறது. விழுங்கிய சாறு அமிலத்தில் கலந்து, நீர்த்து, சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும். கிண்ணத்தில் இருந்த அடர்த்தி அங்கே போய்ச் சேர்வதில்லை.

இதை மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். தாய்லாந்தில் 2010-ல் வெளிவந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஆன்டிபயாடிக் சேர்ந்த மருந்துக் கூட்டும், மற்றொரு பிரிவினருக்கு நான்கு வாரம் குர்குமினும் கொடுத்தார்கள். மருந்துக் கூட்டில் 78.9 சதவீதத்தினருக்குக் கிருமி ஒழிந்தது. குர்குமினில் 5.9 சதவீதம். கிரேக்கத் தீவான கியோஸில் கிடைக்கும் மாஸ்டிக் பிசின் 1998-ல் கிண்ணத்தில் கிருமியைக் கொன்றதாகப் பெரிய செய்தியானது. 2003-ல் வெளியான ஆய்வில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கிருமியின் அளவு குறையவே இல்லை. அமெரிக்காவில் 1999-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் பச்சைப் பூண்டையும் காரமான மிளகாயையும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தார்கள். கிருமி அசைந்துகொடுக்கவில்லை.

எனக்கு மிகவும் உறைத்தது ஜப்பானிய ஆய்வு, 2009-ல் வந்தது. பிராக்கோலி முளையில் சல்ஃபோராஃபேன் என்ற பொருள் உண்டு, கிண்ணத்தில் வல்லது. தினமும் 70 கிராம் முளையை எட்டு வாரம் சாப்பிட்டவர்களுக்கு மூச்சுப் பரிசோதனை எண்கள் உண்மையாகவே இறங்கின. நிறுத்தி இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய அளவுக்கே திரும்பியிருந்தன. அந்த விஞ்ஞானிகள் நிறுத்திய பிறகும் அளந்து, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். நம் கடைக்காரர்கள் நிறுத்துவதற்கு முன்பே அளந்து, அங்கேயே கடையைக் கட்டுகிறார்கள். செடி சற்றே கிருமியை அடக்கினாலும் சரி, கூடவே கொடுத்த காலை மாத்திரை அடக்கினாலும் சரி, அளக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கிறவன் கையில்தான் முடிவு இருக்கிறது.

மிளகுச் சாறு எதற்கு என்று கேட்டதற்கு, “குர்குமினை இருபது மடங்கு ரத்தத்தில் ஏற்றும்” என்றாராம். மிளகிலுள்ள பைபரின் குர்குமினை ரத்தத்தில் ஏற்றுவதை 1998-ல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது, அந்த இருபது மடங்கும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் எச். பைலோரி ரத்தத்தில் இல்லையே! அது இருக்கும் இடம் இரைப்பைச் சளி. இதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

பெர்பரினுக்கு மட்டும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சீனாவில் நடந்த ஆய்வுகளில் நால்வகை மருந்துக் கூட்டில் பிஸ்மத்துக்குப் பதிலாக அதைச் சேர்த்தபோது ஏறக்குறைய அதே பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே அமாக்சிசிலினும் கிளாரித்ரோமைசினும் அமிலத் தடுப்பானும் கூடவே இருந்தன. எந்த மூன்றோடு சேர்ந்து அது பலன் தந்ததோ, அவற்றில் ஆன்டிபயாடிக் இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த ஆய்வைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு காலை மாத்திரையும் இனி வேண்டாம் என்றார்கள். கேப்சூல் மட்டும் தொடர்ந்தது. முதலில் அம்மாவின் கால் வீங்கியது. தலைபாரம், படியேறினால் தொடையில் வலுவில்லாத தளர்ச்சி. பிறகு பழைய வலியும் வந்து சேர்ந்தது. பழைய டாக்டரிடமே அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது, பொட்டாசியம் இறங்கியிருந்தது. டப்பாவைத் திருப்பிப் படித்தவர் அதிமதுரம் என்ற சொல்லில் விரலை வைத்தார். அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். 1960-களில் பிரிட்டனில் அதிமதுரத்திலிருந்தே கார்பினாக்சலோன் என்ற புண் மருந்தைச் செய்து விற்றார்கள். புண் ஆறியது, ஆனால் கூடவே இதே வீக்கமும் ரத்த அழுத்தமும் வந்தன. கிளைசிரைசின் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு சொன்ன அளவு. அம்மாவின் டப்பாவில் அதிமதுரச் சாறு எவ்வளவு என்று இருந்தது, அதில் கிளைசிரைசின் எவ்வளவு என்று இல்லை. ரத்த அழுத்தம் உண்டா என்று அந்த ஆலோசகர் கேட்கவே இல்லை. செடிதானே, ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்கள் அம்மாவின் காலைப் பார்த்திருக்க வேண்டும்.

அமில மாத்திரை ஏற்கெனவே நின்று பல வாரம் ஆகியிருந்ததால் வேறோர் இடத்தில் மூச்சுப் பரிசோதனையை உடனே செய்ய முடிந்தது. பாசிட்டிவ். கிளாரித்ரோமைசினைப் பாதியில் விட்டிருந்ததால் கிருமி அதற்குப் பழகியிருக்கக்கூடும், மறுபடி அதை நம்ப முடியாது என்றார் டாக்டர். டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், பிஸ்மத், அமிலத் தடுப்பான் என்று புதிய கூட்டு, மறுபடியும் 14 நாள், முதலாவதைவிடக் குமட்டல் அதிகம். இந்த முறை கறுப்பு மலத்தைப் பற்றி டாக்டரே சொன்னார். எல்லாம் முடிந்து, காத்திருக்க வேண்டிய வாரங்கள் காத்திருந்து, முறைப்படி சோதித்தபோது நெகட்டிவ் வந்தது.

டப்பாவை எனக்குத் தெரிந்த ஒரு சித்த மருத்துவரிடம் காட்டினேன். முறையாகப் படித்துப் பதிவு செய்தவர். அவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, “மருந்து தயாரிப்பு உரிம எண் எங்கே?” என்று கேட்டார். இல்லை. சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ என்றால் அந்த எண் லேபிளில் இருந்தாக வேண்டும். இருந்தது 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். அதாவது சட்டத்தின் கண்ணில் அது உணவு. பின்பக்கம், மடிப்புக்குள், எறும்பு எழுத்தில், “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். முன்பக்கம் தமிழில் கிருமி அழிப்பு. விதிப்படி அச்சிட வேண்டியதை அச்சிட்டுவிட்டோம் என்று காட்டிக்கொள்ளலாம், அம்மா மாதிரி ஆட்களால் படிக்கவும் முடியாது.

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் அட்டவணை பட்டியலிடுகிறது. இரைப்பை, குடல் புண்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, புற்றுநோயும் இருக்கிறது. கடைப் பலகையில் இரண்டும் இருந்தன.

பணத்தைக் கேட்கப் போனபோது ஆலோசகர் சிரித்த முகத்தோடு அம்மாவின் நெகட்டிவ் ரிப்போர்ட்டையே எடுத்து நீட்டினார். “எங்கள் வேலை முடிந்தது சார். அப்புறம் வெளியில் சாப்பிட்டு மறுபடி தொற்றியிருக்கும்.” சோதித்தபோது அமில மாத்திரை ஓடிக்கொண்டிருந்ததே என்றேன். “அதை எழுதிக் கொடுத்தது உங்கள் டாக்டர்தானே?” என்றார். தயாராக வைத்திருந்த பதில் அது. எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியதோ! அதைவிட எரிச்சலானது, அம்மாவின் பெயரும் வயதும் தெளிவாகத் தெரியும் அந்த ரிப்போர்ட்டைப் படமெடுத்து, “கடலூர் அம்மாவுக்கு முப்பதே நாளில் பூரண குணம்” என்று தங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு அக்காவை ஏமாற்றியது நேர் எதிரான வழியில். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இவர்களே இலவச முகாம் நடத்தினார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், பட்டையில் இரண்டு கோடு, பாசிட்டிவ். அது கிருமியைத் தேடும் சோதனை இல்லை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவது. கிருமி ஒழிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தக் கிருமியைச் சுமக்கிறவர்கள் என்பதால், மண்டபத்துக்கு யார் வந்தாலும் இரண்டு கோடு விழ வாய்ப்பு அதிகம். அக்கா இரண்டு வருடத்துக்கு முன்பே மருந்து சாப்பிட்டுக் குணமானவர். அவருக்கும் 13,500 ரூபாய்க்கு ஒன்று. வாங்க வைப்பதற்கு ஒரு சோதனை, வாங்கியவர் வாயை மூடுவதற்கு வேறொரு சோதனை.

கடை புதுச்சேரியில், நாங்கள் தமிழ்நாட்டில் என்பதால் வழக்குப் போட முடியாது என்று மிரட்டினார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், பிறகு கடலூரில் புகார் கொடுத்தேன். புகார் போன பிறகு பாதிப் பணம் தருகிறோம், இனி எங்கும் எழுதக் கூடாது என்று கையெழுத்துப் போடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். அம்மாவே வாசலில் நின்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர்கள் வக்கீலின் பதில் வந்திருக்கிறது. தாங்கள் விற்றது உணவுத் துணைப்பொருள் மட்டுமே என்றும், எந்த நோயையும் தீர்ப்பதாக ஒருபோதும் சொன்னதில்லை என்றும் அதில் இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸின் படத்தைத் தேதியோடு இணைத்திருக்கிறோம். அந்தக் கடையில் வாங்கியவர்கள் பில்லையும் காலி டப்பாவையும் எறியாமல் வைத்திருங்கள். அவர்கள் அனுப்பிச் செய்த பரிசோதனையின் தேதியையும், அன்று வரை என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதையும் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுங்கள். இன்னும் கேப்சூல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள், டாக்டரிடம் டப்பாவைக் காட்டிப் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா பொங்கலுக்குப் பிறகு.